சீரியல் கணக்கில் வராதா?

ஒரு நடிகையின் பாராட்டு விழாவில் படிப்பதற்கான அறிமுகக் குறிப்பை அனுப்பியதும் அவரே போன் செய்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், அப்புறம் "சீரியல் ஒண்ணுகூட இல்லையே தம்பி?" என்றார். "விருது வாங்கின படங்களை மட்டும் போடச் சொன்னாங்க மேடம், ரெண்டு நிமிஷம்தான் படிப்பாங்க" என்றேன். "அப்ப நான் வீடு கட்டினது, பிள்ளைங்களைப் படிக்க வச்சது எல்லாம் விருது வாங்கின படத்துலயா?" என்று சிரித்தவர், "சரி, உங்களுக்கு எது வசதியோ அப்படிப் போடுங்க" என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. விருதைச் சரிபார்க்கலாம். எந்த வருடம், எந்தப் படம், எந்தப் பிரிவு என்று எங்காவது பதிவாகியிருக்கும். மேடையில் தப்பாகப் படித்துவிட்டால் மறுநாள் என் தலைதான் உருளும். சீரியலுக்கு எதைக் காட்டுவது? மொத்தம் எத்தனை எபிசோடு என்று கேட்டாலே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஆனால் இந்தச் சரிபார்ப்பு விஷயம்தான் யோசிக்க யோசிக்க இடிக்கிறது. மனோரமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நடித்த மாலையிட்ட மங்கை வந்தது 1958. தில்லானா மோகனாம்பாளில் ஜில் ஜில் ரமாமணியாக வந்தது 1968. தேசிய விருதில் துணை நடிகைக்கென்று ஒரு பிரிவு வந்ததே 1984ஆம் வருடத்துப் படங்களிலிருந்துதான், அதனால் ரமாமணியாக அவர் என்ன செய்திருந்தாலும் கொடுப்பதற்கு அங்கே பிரிவே கிடையாது. 1989இல் வந்த புதிய பாதை படத்துக்குத்தான் அந்த விருது கிடைத்தது, பத்மஸ்ரீ 2002இல். பட்டியலை மட்டும் படிக்கிறவருக்கு அவர் முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் நடிக்கத் தொடங்கியவர் மாதிரித் தோன்றும். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்கான கின்னஸ் இருக்கிறதே என்பார்கள். அது எண்ணிக்கைக்கு. என்றாலும் அவரைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத்தான் முதல் வரியில் வைக்கிறோம், நானும் வைத்திருக்கிறேன்.

டிவி என்றால் இன்னும் சிக்கல். தேசியத் திரைப்பட விருதில் சீரியலுக்கு இடமில்லை, பெயரே அப்படித்தானே. தமிழக அரசின் சின்னத்திரை விருது இருக்கிறது. மற்றபடி சேனல்கள் தங்கள் சீரியல்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் விருதுகள்தான், அவற்றைக் குறிப்பில் சேர்ப்பதா என்று எங்களுக்குள் ஒவ்வொரு முறையும் சண்டை. 1999இல் தொடங்கிய சித்தி சீரியலால் ராதிகா வீட்டுக்கு வீடு பிடித்த இடத்தை எந்தப் பிரிவில் எழுதுவது? அவருடைய தேசிய விருதுகூட மீண்டும் ஒரு காதல் கதை படத்துக்குத் தயாரிப்பாளராக வாங்கியது, நடிப்புக்கு இல்லை.

போன் வந்த பிறகு, "தொலைக்காட்சித் தொடர்களிலும் தனி முத்திரை பதித்தவர்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஒரு சீரியலின் பெயர்கூட இல்லாத, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரி. ஒன்றும் போடாமல் விட்டிருந்தால்கூட விதிமுறை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு பெயர் ஏன் இல்லை என்று வரும், ரெண்டு நிமிஷம் நாலு நிமிஷமாகும், இதெல்லாம் நடைமுறைப் பிரச்சினை, அவருக்கும் தெரியாதது இல்லை.

விழாவில் பேசும்போது அவரும் சீரியலைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதல் பட இயக்குநர், விருது வாங்கிய படத்தின் படப்பிடிப்பு, இவ்வளவுதான். "அவங்களே பேசலை, நீ ஏன் இன்னும் அதையே பிடிச்சு தொங்குற?" என்றார் எங்கள் சீனியர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம், அந்தப் போன் பேச்சு வெறும் கிண்டலாகவும் இருந்திருக்கலாம். அல்லது நான் எழுதிக்கொடுத்த வாழ்க்கையைத்தான் அவர் அன்று பேசினாரோ என்னவோ, விருது வாங்கிய படங்களை வரிசையாகப் படித்து முடித்த மேடையில் ஏறி ஒருவர் வேறு எதைப் பேசுவார்?

இப்போது வேறொரு நடிகைக்குக் குறிப்பு தயாராகிறது. முதலில் அவரிடம் நான் கேட்டது விருதுகளின் பட்டியலைத்தான்.