நாள் தள்ளிப்போன கணக்கு

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கருக்கலைப்பை அத்தியாவசியச் சேவை என்று சொல்லிவிட்டது. ஆனால் பஸ் ஓடவில்லை. புதுச்சேரியின் பாகூர்க்காரருக்குக் கடலூர் கூப்பிடு தூரம்தான். நடுவில் மாநில எல்லை, இ-பாஸ். வீட்டுக்கே சொல்லாதவர் அதில் என்ன காரணம் எழுதுவார்? மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் கடலூரில் தொற்று ஏறியபோது தெருக்களே அடைபட்டன.

அதனால் கருக்கலைப்புக்குக் கேட்பவர்களோடு போனில்தான் பாதி வேலை. எடுத்ததும் "இப்போ பேசலாமா?" என்று கேட்க வேண்டும், வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவர் கையில். அடுத்தது நாள் கணக்கு. "நாள் தள்ளிப்போய் இருபது நாள்தான் ஆகுது" என்பார்கள். கர்ப்பத்தை எண்ணுவதோ கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. மாதவிலக்குச் சுற்றின் 28 நாளையும் கூட்டினால் 48 நாள். அப்போதைய விதிப்படி கருக்கலைப்பு மாத்திரைக்கு 49 நாள்தான் (2021-இல் ஒன்பது வாரமானது), ஆக மறுநாளே வந்தாக வேண்டும். தேதி நினைவில்லை என்றால் "மாசி மகத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் வந்துவிடும். அப்போதைய சட்டத்தில் 12 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும். 2021 செப்டம்பரில்தான் 20 வாரம் வரை ஒருவர் போதும் என்றானது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு அவர் கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து கேட்பது வெறும் பழக்கம், சட்டம் இல்லை.

கூட்டத்தைக் குறைக்க எந்தச் சோதனையை விட்டாலும் ஹீமோகுளோபினை விடக்கூடாது. 8 கிராமுக்குக் கீழே என்றால் மாத்திரை வேண்டாம். முதல் மருந்தான மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் டாக்டர் முன்னாலேயே; மூன்றாம் நாள் அடுத்த மருந்தான மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, வீட்டிலேயே. கன்னத்துக்கு இரண்டாக அரை மணி நேரம் அடக்கிவைத்து, மிச்சத்தை விழுங்கலாம். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் 108. உதிரமே படவில்லை என்றால்தான் கூடுதல் பயம்: கரு, கருக்குழாயில் தங்கியிருக்கலாம், ஸ்கேன் உடனே வேண்டும். பதினைந்தாம் நாள் கர்ப்பச் சோதனைக் கார்டில் கோடு தெரிந்தால் கலையவில்லை என்று பதறுவார்கள்; நான்கு வாரம் வரைகூட அது தெரியும்.

மாத்திரைக்கு நாள் கடந்தவருக்குக் கருப்பையிலிருந்து கருவை எடுக்கக் கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சு, 60 மில்லி. மரப்பு ஊசியிலேயே முடிந்துவிடும்; மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் போடத் தேவையில்லாததால் தொற்று பரவும் வாய்ப்பும் குறைவு. நடுவில் உறிஞ்சல் நின்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சிரிஞ்சு நிரம்பியிருக்கும், கேனுலா (கருப்பைக்குள் விடும் குழாய்) அடைத்திருக்கும், அல்லது அதன் துளை கருப்பை வாய்க்கு வெளியே வந்திருக்கும். தொடங்கும் முன்பே சிரிஞ்சில் வெற்றிடம் பிடிக்கவில்லை என்றால் பிஸ்டனின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், சிலிக்கோன் ஒரு சொட்டு விடாமல் காய்ந்திருக்கும். எடுத்ததைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெளிச்சத்தில் பார்க்காமல் அனுப்பக்கூடாது. கிருமித்தொற்று இல்லை, அவருக்கும் சம்மதம் என்றால் அதே மேசையில் காப்பர்-டி போட்டுவிடலாம். இன்னொரு இ-பாஸ் மிச்சம்.