பேசுபவர்கள் பட்டியல்

பல பள்ளிகளில், ஆசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவர் செய்யும் முதல் வேலை கரும்பலகையின் ஓரத்தில் பேசுபவர்கள் பெயரை எழுதுவதுதான். திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி வேறு. வாயைத் திறப்பதே குற்றம் என்று பழக்கிவிட்டு, அப்புறம் "ஏன் யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கேள்வி கேட்டதும் முன்வரிசையில் அதே நாலு கைகள்தான் எழும். கடைசி வரிசை மாணவி விடையை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் யாராவது சொல்லி முடித்திருப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் பதிலுக்காக ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

நன்றாகப் படிக்கிற, சத்தமாகப் பேசுகிற பிள்ளையையே வருடம் முழுக்கத் தலைவராக வைத்திருப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வாராவாரம் மாற்றலாமே.

எல்லாரும் எழுந்து நின்று பேசித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் விடையைச் சொல்லிப் பார்க்கட்டும். பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.