கானமயிலும் எங்கள் வங்காலையும்

நேற்றுப் பின்னேரம் மன்னாரிலிருந்து வரும்போது வங்காலைப் பக்கம் பூநாரைக் கூட்டம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே மின்கம்பிகள். உடனே இப்படியான கம்பிகளில் மோதிச் செத்துப்போகும் கானமயில்தான் (மயில் இல்லை, Great Indian Bustard என்ற பெரிய பறவை) ஞாபகத்துக்கு வந்தது.

ராஜஸ்தான் புல்வெளிகளில் வாழும் அந்தப் பறவையில் இப்போது மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 150 மட்டுமே. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பாரத்தோடு சட்டென்று விலக முடியாது. இடுவதும் பெரும்பாலும் வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஒன்று அடிபட்டுச் செத்தால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு காலம் வேண்டும்!

சரி, முயற்சி இல்லாமல் இல்லை. 2019 முதல் ஜெய்சல்மேரில் முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறந்தது. அந்தச் செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரியில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும் இடம். மின்சாரம் எங்களுக்கும் வேண்டும்தான். ஆனால் அவை பறக்கும் வழியில் உள்ள கம்பிகளில் கண்ணில் படும்படி தட்டுகளையாவது தொங்கவிடுங்கள். முடிந்த இடத்தில் நிலத்துக்கடியால் கொண்டுபோங்கள்.