உரைகாரர்களோடு ஆடி வரை

ஜூலை 6, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் ஒன்று செய்ய நினைத்திருக்கிறேன். மூலங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உரைகளை உரைகளுக்காகவே படிப்பது. கல்லூரியில் உரை என்றால் கடினமான செய்யுளைத் தாண்டுவதற்கான வழி, அவ்வளவுதான். செய்யுள் புரிந்ததும் உரைகாரரை மறந்துவிடுவோம். அவர்களை அப்படி விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஓர் எண்ணம்.

இறையனார் களவியல் என்னும் அகப்பொருள் (காதல் வாழ்வு) இலக்கண நூலின் உரையில் தொடங்கினேன். நூற்பாக்கள் 60தான். உரையோ பெரியது. சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்துகொண்டு வந்து நிற்க, எது மெய்யுரை என்று தீர்க்க வேண்டியவன் உருத்திரசன்மன், ஐந்து வயது ஊமைப் பிள்ளை. மருதனிளநாகனார் உரைக்கும்போது அவன் கண் ஒரோவிடத்தில் நனைகிறது. நக்கீரனார் உரைக்கும்போது "பதந்தொறும் கண்ணீர் வார்ந்து" மெய்சிலிர்த்து இருக்கிறான். வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாத கதைதான். ஆனால் உரைக்கு இப்படி ஓர் அளவுகோலை வைத்திருந்தார்களே! வாதத்தில் வென்றவன் உரை மெய்யுரை என்று சொல்லவில்லை.

கதை முடிந்ததும் ஒரு பெயர் வரிசை வருகிறது. நக்கீரனார் தம் மகன் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார், அவர் தேனூர் கிழாருக்கு உரைத்தார் என்று இறங்கி இறங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனாரில் முடிகிறது. வாயால் சொல்லிச் சொல்லியே ஓர் உரை இத்தனை தலைமுறை வந்திருக்கிறது என்கிறது நூல். அந்தப் பெயர்களை வாய்விட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

தொல்காப்பியம். இளம்பூரணர் மூன்று அதிகாரத்துக்கும் உரை எழுதியவர். எளிமையானவர், அதட்டாதவர். 'உரையாசிரியர்' என்று சொன்னாலே அவரைத்தான் குறிக்கும். பின்னால் வந்த சேனாவரையர் சொல்லதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவரோடு மோதுகிறார். மறுக்கும்போதும் 'உரையாசிரியர்' என்றே சொல்கிறார். வடமொழி இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். அந்தத் தெம்பு வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியும். எதிராளியின் வாதத்தைத் தானே முழுசாக எடுத்து வைத்து, "அற்றன்று" (அப்படியல்ல) என்று ஒரு சொல்லில் வெட்டுவார். எனக்கு இளம்பூரணரைத்தான் பிடிக்கும். மூளைக்கு வேலை வேண்டும் என்றால் சேனாவரையர்.

ஜூலை 12, சனி

தங்கை மகள் வந்திருந்தாள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் பரிமேலழகர் உரை. வந்ததும் வராததுமாக 61ஆம் குறளைக் காட்டினாள். "அறிவறிந்த மக்கட்பேறு" என்கிறார் வள்ளுவர். 'அறிவறிந்த' என்றதால் அந்த 'மக்கள்' என்ற சொல்லில் பெண் அடங்காது என்கிறார் பரிமேலழகர். நாலு பக்கம் தள்ளி 69. தன் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய். "பெண் இயல்பால் தானாக அறியாமையின் கேட்ட தாய்" என்று எழுதுகிறார்.

"பெரியம்மா, இவரை எதுக்கு இன்னும் தலையில தூக்கி வெச்சிருக்கோம்?"

அவள் கோபம் நியாயம். குறளில் இல்லாததைக் கொண்டுவந்து குறளின் மேல் ஏற்றுகிறார். அவருக்கு முந்திய குறள் உரைகாரரான மணக்குடவருக்கு 69இல் இப்படி எழுதத் தோன்றவில்லை. ஆகவே 'அந்தக் காலம் அப்படி' என்று தப்பிக்கவும் முடியாது. அதை அவளிடம் அப்படியே ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் 110ஐ எடுக்கச் சொன்னேன். "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்." இங்கே 'நன்றி' என்றால் அறம் என்கிறார் பரிமேலழகர். எந்த அறத்தைக் கொன்றால்? பட்டியல் போடுகிறார்: ஆன்முலை அறுத்தல், மகளிர் கருவினைச் சிதைத்தல், பார்ப்பார்த் தப்புதல் (பார்ப்பனருக்குத் தீங்கு செய்தல்). இது எங்கிருந்து வருகிறது? புறநானூறு 34. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனிடம் இந்தப் பாதகங்களைச் சொல்லி, இவற்றுக்கெல்லாம் கழுவாய் (பரிகாரம்) உண்டு, செய்நன்றி கொன்றவருக்கு உய்தி இல்லை என்று "அறம் பாடின்றே" என்கிறார். புலவர் சொல்கிற அந்த 'அறம்' இந்தக் குறள்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. குறளிலிருந்து புறப்பாட்டுக்குப் போன பொருளை, உரைகாரர் புறப்பாட்டிலிருந்து குறளுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். புறநானூறு அச்சேறியது 1894இல். அதற்குப் பல நூறு ஆண்டு முன்னால் அந்தப் பாட்டைத் தெரிந்துவைத்திருந்த மனிதர் அவர்.

அவள் புறம் 34ஐக் கைபேசியில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 61ஐ மட்டும் மன்னிக்க மாட்டேன் என்றாள். மன்னிக்க வேண்டாம். திருக்குறளுக்கு உரை கண்டவர் பதின்மர் என்று பழம்பாட்டு சொல்லும். ஐவர் உரை கிடைக்கிறது. அவர்களே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லையே.

ஜூலை 14, திங்கள்

நச்சினார்க்கினியர். மதுரைக்காரர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி எல்லாம் ஒரே ஆள். குறுந்தொகையில் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் உரை எழுதாமல் விட்ட 20 பாட்டுக்கும் எழுதினாராம். அந்த உரை போய்விட்டது.

முல்லைப்பாட்டு 103 அடிதான். அதில் எங்கோ இருக்கும் சொல்லைப் பிடுங்கி எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்கிறார். மாட்டு என்று அதற்கு இலக்கணமும் காட்டுகிறார். மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது இதைத்தான் கடுமையாகச் சாடினார். அடிகள் பக்கம்தான் நான். பாட்டு எந்த ஒழுங்கில் வருகிறதோ அந்த ஒழுங்கில் கேட்பதில்தான் சுவை.

ஆனால் சிந்தாமணி உரையில் அவர் வாரி இறைக்கும் மேற்கோள்களுக்காக அவர் காலில் விழலாம். நூலின் பெயர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். "என்றார் பிறரும்" என்று போய்க்கொண்டே இருப்பார். உ.வே.சா. சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, இந்த 'பிறர்' யார் யார் என்று ஏடு ஏடாகத் தேடித்தான் சங்க நூல்களுக்குள் ஆழமாகப் போனார்.

ஜூலை 16, புதன்

அடியார்க்கு நல்லார். இவரிடம் வந்ததும் வேகம் தானாகக் குறைகிறது.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுத உட்கார்ந்த மனிதர், முதலில் தொலைந்த புத்தகங்களைச் சொல்கிறார். பரதம், அகத்தியம் போயின. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றில் சில சூத்திரங்கள் மட்டும் புழங்குகின்றன, "முதல் நடு இறுதி காணாமையின் அவையும் இறந்தன போலும்." கையில் இருக்கும் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்னும் ஐந்தை வைத்துக்கொண்டு முடிந்தவரை பொருள் சொல்கிறேன் என்கிறார். அரங்கேற்று காதையில் அரங்கின் அளவையும் எழினிகளையும் (திரைகளையும்) யாழையும் ஆடலையும் அவர் விரிக்கிற பக்கங்கள் இல்லாவிட்டால் பழைய நாடகத் தமிழ் நமக்கு வெறும் பெயர்ப் பட்டியல்தான். அந்த ஐந்தில் பஞ்சமரபு பிற்காலத்தில் சுவடியாகக் கிடைத்து அச்சாகியிருக்கிறது.

தனக்குச் சோறிட்ட பொப்பண்ண காங்கேயனை ஒரு பாட்டில் நினைக்கிறார். அவன் அளித்த "சோற்றுச் செருக்கல்லவோ தமிழ் மூன்றுரை சொல்வித்ததே." எவ்வளவு நேரான நன்றி!

இவருடைய உரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. நடுவில் கானல்வரிக்கும் இல்லை. ஊர்சூழ் வரிக்கு அடுத்தது வழக்குரை காதை. கண்ணகி சிலம்போடு பாண்டியன் முன் நிற்கும்போது இவர் நம்மோடு இல்லை. இவருக்கும் முந்திய அரும்பதவுரை இருக்கிறது. அருஞ்சொல்லுக்கு மட்டும் சுருக்கமாகப் பொருள் சொல்லும் உரை. எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. நாளை ஆடி ஒன்று. அரும்பதவுரையை வைத்துக்கொண்டு வழக்குரை காதையைப் படிக்க வேண்டும்.