‘ஜி’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டவர்

வேலூர்ப் பக்கம் 29 வருஷம் தபால்காரனாக இருந்தேன். நான் தபால் கொடுக்கும் தெருக்களில் பாதி வீடுகள் பட்டாளத்து வீடுகள். ‘56 ஏ.பி.ஓ.’ என்று பட்டாளத் தபால் நிலையத்தின் அனுப்புநர் முகவரி எழுதிய நீல இன்லேண்ட் லெட்டர் பையில் இருந்தால், தெரு முனையிலேயே சைக்கிள் மணியை அடிக்க ஆரம்பித்துவிடுவேன். லெட்டர் இல்லாத நாளில் அதே தெருவில் மணி அடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பேன். அப்படியும் திண்ணையில் யாராவது எழுந்து நிற்பார்கள். “இன்னிக்கு இல்லம்மா” என்று சொல்வதைவிடக் கஷ்டமான வேலை எங்கள் இலாகாவில் கிடையாது.

அதனால்தானோ என்னவோ, கார்டன் பவுஷர் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கடிதம் என்னைப் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் விடிகாலையில் வரும் தபால்காரருக்காகக் காத்துக் கிடக்கிறேன், அவர் உன்னிடமிருந்து எதையும் கொண்டுவராவிட்டால் வெறும் நரம்புக் குவியலாகத்தான் இருக்கிறேன் என்று எழுதுகிறார். பேரப்பையன் போனில் காட்டினான். அன்று பூராவும் அந்த ஊர்த் தபால்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அந்த வாசலில் மணி அடிக்கக் கை கூசியிருக்கும்.

காத்திருந்தது கில்பர்ட் பிராட்லியின் கடிதத்துக்கு. இருவரும் 1938இல் டெவன் பகுதியில், படகு வீட்டில் கழித்த ஒரு விடுமுறையில் சந்தித்தார்கள். அடுத்த வருஷம் யுத்தம். கில்பர்ட்டுக்குப் பட்டாளமே பிடிக்கவில்லை. வலிப்பு நோய் இருப்பதாக நடித்துக்கூடப் பார்த்திருக்கிறார், பலிக்கவில்லை. (தட்டைப் பாதத்தை மறைத்துப் பட்டாளத்தில் நுழையப் பார்த்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். இவர் நேர் எதிர்.) ஆஸ்வெஸ்ட்ரி ஊரில் பார்க் ஹால் முகாமில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பயிற்சிக்குப் போட்டார்கள். கப்பல் கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளையான கார்டன் காலாட்படையில் சேர்ந்து ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார். நடுவில் தபால்தான் ஓடியது. கார்டன் எழுதுவதெல்லாம் ‘என் செல்லப் பையா’ என்று ஆரம்பித்து, அடியில் ‘ஜி’ என்று ஒற்றை எழுத்து. இரண்டு ஆண்களுக்கு நடுவில் அப்படி ஓர் உறவு அன்றைய சட்டப்படி ஜெயில் குற்றம். பெயரை முழுதாக எழுத முடியுமா?

சேர்ந்து வாழ்வதைப் பற்றி எழுதாமல் இருக்க கார்டனால் முடியவில்லை. உன்னை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் வேண்டாம் என்கிறார். உலகத்துக்கு நம் அன்பு என்னவென்று புரியாது, அது அன்பு என்பதே தெரியாது என்கிறார். 1941 பிப்ரவரியில் செல்டன்ஹாமிலிருந்து எழுதிய கடிதத்தில் சுருதி மாறிவிடுகிறது. ஆயுசுக்கும் நிற்கிற காதல் கிடையாது என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே மண்டையில் ஏற்றிவிட்டார்கள் என்கிறார். யுத்தம் முடிந்து நாம் ஒரே வீட்டில் இருப்பதை யோசித்துப் பார். அதைவிட, நன்றாக இருந்த நாட்களின் நினைவோடு இருந்துவிடுவது மேல் அல்லவா என்று கேட்கிறார். எனக்கு இது புதிதில்லை. லீவு சாங்ஷன் ஆகும்வரை வாரத்துக்கு இரண்டு கடிதம் போட்டவன், தேதி நெருங்கியதும் பயந்து எழுதாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் 1945 வரை கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இடையில் ஸ்காட்லாந்தில் ஃபோர்த் பாலத்தைக் காக்கும் வேலைக்குப் போன கில்பர்ட், அங்கே இரண்டு பேரிடம் மனதைக் கொடுத்துவிட்டு, அதையும் கார்டனுக்கே எழுதுகிறார்! ‘அவர்கள் உன்மேல் ஏன் ஆசைப்பட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது, நானும் ஆசைப்பட்டவன்தானே’ என்று பதில் வருகிறது. இந்த வரியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், “ரொம்பப் பெரிய மனசுதான்” என்றாள். பாராட்டா கிண்டலா, தெரியவில்லை.

ஒரு கடிதத்தில் கார்டன் கெஞ்சுகிறார்: விளையாட்டில்லை, என் கடிதங்களை எல்லாம் அழித்துவிடு. இன்னொரு கடிதத்தில், காலம் தெளிந்த பிறகு இவையெல்லாம் அச்சில் வந்தால் எப்படி இருக்கும், நாம் எவ்வளவு நேசித்தோம் என்று உலகமே பார்க்குமே என்று ஓர் ஆசை. கில்பர்ட் 2008இல் இறந்தபின் வீட்டைக் காலி செய்ய வந்தவர்கள் கையில் அந்தக் கட்டுகள் சிக்கி, ராணுவத் தபால்களை வாங்கி விற்கும் வியாபாரியிடம் போயின. அந்த வியாபாரத்தில் மதிப்பு உறைக்கு: முத்திரை, தேதி, ரெஜிமெண்ட் முகவரி. 29 வருஷம் நான் பார்த்ததும் அவ்வளவுதான். ஆஸ்வெஸ்ட்ரி நகர அருங்காட்சியகத்தின் மார்க் ஹிக்னெட், தன் ஊர் சம்பந்தப்பட்ட பொருட்களை ஈபேயில் தேடும்போது முதலில் மூன்று கடிதங்களை வாங்கினார். ‘ஜி’ யாரோ காதலி என்றே நினைத்தார். பிறகு வாங்கி வாங்கி 600க்கு மேல் சேர்த்துவிட்டார். 2017இல் செய்தியானது. இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தது 1967இல். படையில் இருப்பவர்களுக்கான தடை 2000இல்தான் நீங்கியது.

“கடைசில சேர்ந்தாங்களா?” என்றாள் மனைவி.

“இல்ல. கார்டன் கலிஃபோர்னியா போய் குதிரை பழக்குறவரா பேர் வாங்கினாரு. இவரு பிரைட்டன்ல இருந்தாரு.”

“லெட்டரெல்லாம் யாருகிட்ட இருந்துச்சு?”

“பிரைட்டன்காரர்கிட்டதான்.”

கத்தியை நிறுத்தி விரல் விட்டு எண்ணினாள். “நாப்பத்தஞ்சுலேர்ந்து... 63 வருஷம்” என்றாள். பிறகு பீன்ஸ் பக்கம் திரும்பிவிட்டாள்.