கரைவலையும் என் கைநடுக்கமும்: மூன்றாவது வாரம்

கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலையைப் போனில் வீடியோ எடுக்கப் பழகுகிறேன். போன வாரம் எடுத்த 14 துண்டு வீடியோவையும் டிவியில் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. போனில் நன்றாகத்தான் தெரிந்தது, பெரிய திரையில் கடல் ஒரு பக்கம் சரிந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிடும்போல நிற்கிறது. கமராவில் கட்டக் கோடுகளைப் போட்டு அடிவானத்தை ஒரு கோட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தால் வராத பிழை. அதைவிடப் பெரிய பிழை, எங்கேயும் மூன்று செக்கனுக்கு மேல் நான் சும்மா நிற்கவில்லை. தோணியில் தொடங்கி ஆட்களுக்குப் போய், வானத்துக்கு ஏறி, கடைசியில் என் செருப்பு.

அதனால் இந்த வாரம் ஒரு காட்சிக்கு 10 செக்கன், அதுவரை கை அசையக்கூடாது. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டால் ஸ்டாண்ட் இல்லாமலே ஓரளவுக்கு நிற்கிறது.

விடிய உப்புவெளிக் கரைக்குப் போனேன். திருகோணமலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் எழும்பும், அதனால் கடலைப் பார்த்து எடுத்தால் வலை இழுக்கிறவர்கள் எல்லாரும் கறுப்பு உருவங்கள். அதுவும் அழகுதான், ஆனால் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அலை வெள்ளையாக உடைகிற நேரமெல்லாம் போன் தன்பாட்டில் இருட்டாக்கிவிடும். முகம் தெரிய வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நின்றேன், இடுப்புவரை நனைந்தேன்.

உண்மையில் மாட்டிக்கொண்டது வலைக் கயிற்றில்தான். கயிற்றுக்கு வடக்கே நின்று ஒன்று, தெற்கே நின்று ஒன்று என்று எடுத்து ஒட்டினேன். தங்கச்சி பார்த்துவிட்டு, "அண்ணா, இவங்க ஏன் தங்களுக்குள்ளயே கயிறு இழுத்து விளையாடுறாங்க?" என்று கேட்டாள். சரிதான், ஒரே ஆட்கள் முதலில் வலப்பக்கம் இழுக்கிறார்கள், அடுத்ததில் இடப்பக்கம். அடுத்த நாள் முழுக்க வடக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஜூம் செய்தால் படம் உடைகிறது, அதனால் கை மட்டும் எடுக்கக் கிட்ட நடந்து போனேன். ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "தம்பி, கிட்ட வந்தா சும்மா நிக்கேலாது, கயித்தைப் பிடி" என்றார். பத்து நிமிடம் இழுத்ததில் உள்ளங்கை எரிந்தது, பிறகு போனைப் பிடித்தால் விரல்கள் ஆடின. அந்தக் காட்சி முழுக்க நடுங்குகிறது, ஆனாலும் கயிற்று முறுக்கிலிருந்து தண்ணீர் பிழிந்து அவர் மணிக்கட்டு வழியே ஓடுவது அதில் மட்டும்தான் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

வீட்டில் மீன் வெட்டுவதை எடுத்தபோது ரியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட் அந்தத் தாளத்துக்குத்தான் மினுங்கும்; நான் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழுகிற நேரத்தை, 1/60 செக்கனில் வைத்திருந்தேன். செக்கனுக்கு 25 பிரேமுக்கும் (படத்துக்கும்) ஷட்டர் 1/50க்கும் மாற்றியதும் நின்றுவிட்டது.

சத்தம்தான் இன்னும் சரிவரவில்லை. வலை இழுக்கும்போது அவர்கள் பாடிய அம்பாப் பாட்டு முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு துண்டு ஸ்பொஞ்சை மைக் ஓட்டையில் ஒட்டிக்கொண்டு ஞாயிறு விடியத் திரும்பப் போகிறேன்.