ஸ்பிட்டிக்குக் கிளம்பும் முன் மொட்டை மாடியில் வைத்த மூன்று பாட்டில்கள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்தேன். எங்கள் மொட்டை மாடி அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கிடக்கிறது, அதில் இப்போது யாரும் சாப்பாடு வைப்பதில்லை, ஆனால் ஃப்ரீசர் மட்டும் இன்னும் மைனஸ் 15 வரை இறங்குகிறது. முதல் பாட்டிலில் எங்கள் டீசல் காரின் ரேடியேட்டரில் இருந்து வடித்தது. இரண்டாவதில் புதிதாக வாங்கிய கூலன்ட்டும் (ரேடியேட்டரில் தண்ணீரோடு கலக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. மூன்றாவது ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில், அதில் தெருமுனை பங்க்கில் நிரப்பிய டீசல், மூடியை இறுக்கி இரண்டு கவரில் சுற்றி வைத்தேன்.

காலையில் பார்த்தால் முதல் பாட்டில் கல்லாகிவிட்டது. பக்கங்கள் வீங்கி, அடிப்பாகம் உப்பி, தரையில் நேராக நிற்கவில்லை. இரண்டாவதை ஆட்டினால் சாதாரணமாகக் குலுங்குகிறது. டீசல் எப்படி இருந்தது என்றால், மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருக்குமே, அப்படி. மேலே மங்கல், கீழே வெள்ளை வெள்ளையாகத் திரி.

ஜனவரியில் காணும் பொங்கல் முடிந்த மறுநாள் நானும் மச்சானும் சென்னை திருவொற்றியூரிலிருந்து இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு வண்டியிலேயே கிளம்புகிறோம். ஒருவழிக்கே சுமார் 3,000 கிலோமீட்டர். அங்கே காஜா என்கிற ஊர் 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஜனவரி இரவுகளில் மைனஸ் 20-க்குக் கீழேயும் போகும். நம் ஊரில் 20 டிகிரிக்கு இறங்கினாலே தலையில் மஃப்ளர் கட்டுகிறோம். இரண்டு மாதமாக இதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது: வண்டியைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாமே வெயிலிடம் கற்றுக்கொண்டது. அதில் பாதியை அங்கே அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

ரேடியேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வண்டியின் தரை வரைக்கும் தண்ணீர் ஏறியது. அதற்கப்புறம் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தோம், பிறகு இரண்டு மூன்று கோடைகளில் சூடு ஏறும்போதெல்லாம் வழியில் கேன் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கூலன்ட் என்று உள்ளே எதுவுமே மிச்சமில்லை. இங்கே அது பிரச்சினையே இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் மெக்கானிக் பாயிடம் கேட்டபோது, "சூடு ஏறாம ஓடுதுல்ல தம்பி, அப்புறம் என்னா"ன்னார். அவர் சொன்னது இந்த ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், அந்த விரிவு எஞ்சின் பிளாக்குக்குள் நடந்தால் இரும்பே வெடிப்பு விடும். வீங்கிய பாட்டிலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தத்தையும் எறக்கிடலாம் தம்பி, பிளாக்ல ஒரு சொட்டு நம்ம தண்ணி இருக்கக் கூடாது" என்றார். மூன்று முறை டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். அந்தக் கலவை மைனஸ் 37 வரை உறையாது. கூலன்ட்டை மட்டும் தனியாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு. கலக்காத கிளைக்கால் மைனஸ் 13-ஐ ஒட்டியே உறைந்துவிடும், தண்ணீரோடு சேர்ந்தால்தான் அதற்கு அந்த சக்தி. கண்ணாடி துடைக்கும் வாஷர் டேங்க்கிலும் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது, அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது டீசல். எங்கள் மாடியில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஜுவாலை தெரியும், 1969-லிருந்து ஓடுகிற ஆலை, நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற நெருப்பு. வடக்கே போகிறேன், பனி பார்க்கப் போகிறேன் என்றதும் அம்மாவின் காதில் மணாலி என்று விழுந்து, அது இங்கே மணலி என்று புரிந்து, பத்து நிமிஷம் குழப்பம். உண்மையில் நாங்கள் அந்த மணாலிக்கும் போகவில்லை. 2020-ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு மணாலியிலிருந்து லாஹௌல் பக்கம் குளிர்காலத்திலும் போக முடிகிறது, ஆனால் அங்கிருந்து ஸ்பிட்டிக்குப் போக 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்ஸும் கணவாயைத் தாண்ட வேண்டும், அது பனியில் மூடிக் கிடக்கும். குளிர்காலத்தில் காஜாவுக்கு ஒரே வழி சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ. சட்லெஜ் ஆற்றை ஒட்டியே போய், காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு வந்து கலக்கும் இடத்தில் திரும்ப வேண்டும்.

டீசலில் மெழுகு இருக்கிறது. குளிரில் அது பிரிந்து வந்து ஃபில்டரை அடைக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி நடுவழியில் நிற்கும். லடாக்குக்கென்று 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது, பானிபட்டில் தயாராவது. நாம் போகிற பாதையில் அது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கிளம்பக் கூடாது. இங்கே நிரப்பும் டீசல் நாக்பூருக்குள் தீர்ந்துவிடும், அதனால் என் பாட்டிலில் இருந்த டீசல் ஸ்பிட்டிக்கு வரப்போவதில்லைதான். ஆனால் மெழுகு என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து இரண்டு பாட்டில் வாங்கியாகிவிட்டது. அதை டீசல் திரியத் தொடங்கும் முன்பே டேங்க்கில் விட வேண்டும், திரிந்த பிறகு ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. ரெக்காங் பியோவில் மருந்தை முதலில் விட்டு, அப்புறம் டேங்க்கை முழுக்க நிரப்பப் போகிறோம், ஏனென்றால் அடுத்து நம்பிப் போகக்கூடிய பங்க் காஜாவில்தான், நடுவே சுமார் 200 கிலோமீட்டர். ஃபில்டரையும் மாற்றியாயிற்று, ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கிறது.

பேட்டரி புதுசு. பழையதன் முனைகள் கடல் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன, இந்தப் பக்கம் எல்லார் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும், இங்கே செல்ஃப் அடித்தால் எடுத்துக்கொள்ளும். குளிரில் பேட்டரியின் சக்தி பெருமளவு குறைகிற நேரத்தில்தான் கெட்டியான ஆயிலைத் தள்ளிக்கொண்டு எஞ்சின் சுற்ற வேண்டும். வெள்ளத்தில் நனைந்த எர்த் ஒயர்களைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம். பாய் ஒரு நாள் முழுக்க இதற்கே உட்கார்ந்தார்.

ஹேண்ட் பிரேக் விஷயம் இன்னொரு தலைகீழ். இங்கே நிறுத்தியதும் கை தானாக அதை இழுக்கும். அங்கே ஈரத்தோடு இழுத்து வைத்தால் ராத்திரியில் பிரேக் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்க வேண்டும். காசிமேட்டில் படகுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையிலிருந்து ஆப்பு மாதிரி இரண்டு துண்டு அறுத்து வாங்கி வந்தேன். டயர் காற்று எனக்குப் பிடித்த கணக்கு: குளிரில் காற்றழுத்தம் குறையும், 30 டிகிரியிலிருந்து மைனஸ் 10-க்குப் போனால் ஆறேழு பாயின்ட். ஆனால் 3,600 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் கேஜ் ஐந்து பாயின்ட் கூடுதலாகக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோகும். அதனால் சமவெளியிலேயே குத்துமதிப்பாகக் காற்றை இறக்கிவிடாமல் அங்கே தினமும் காலையில் பார்த்துக்கொள்வது நல்லது.

உடம்புக்கு வருவோம். காசிமேட்டில் மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவர் மீன் கோல்ட் ஸ்டோரேஜில் வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டு, வாங்கிய துணிகளையெல்லாம் போட்டுக்கொண்டு மைனஸ் 18 அறையில் இருபது நிமிடம் நின்றோம், அவர் கதவருகிலேயே காவலுக்கு நின்றார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கால் விரல்கள். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுக்கமாகிவிட்டது, ரத்தம் ஓடாமல் விரல் மரத்தது. ஒரே ஒரு கம்பளி சாக்ஸும் ஒரு சைஸ் பெரிய ஷூவும் போதும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. உள்ளே பழக்கத்தில் காட்டன் பனியன் போட்டிருந்தேன், சாமான் ஏற்றி இறக்கிய வேர்வையில் அது ஈரமாகி முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. குளிர்காலத்தில் இங்கே ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்திய அம்மா ஒருவர் இதையேதான் முன்பே சொன்னார், உள்ளே பஞ்சுத்துணி வேண்டாம் என்று. நான் கேட்காமல் விட்டேன். கோல்ட் ஸ்டோரேஜில் நாள்கணக்கில் இதைச் சமாளித்து வேலை செய்கிற அந்த அண்ணன் எங்களிடம் சொன்ன வார்த்தை: "மூஞ்சியும் கையும்தான் முதல்ல போவும், அதைப் பாத்துக்கோங்க."

உயரத்துக்கு உடம்பு பழக நேரம் கொடுக்க வேண்டும். சிம்லா 2,200 மீட்டர், பியோவும் கிட்டத்தட்ட அதே, அங்கே இரண்டு இரவு. பிறகு தாபோ, 3,280. கி.பி. 996-ல் கட்டிய மடாலயம் அங்கே இருக்கிறது, அதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவோம். பிறகுதான் காஜா. உயரத்தில் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கப் போடும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டேன், மச்சானுக்கு சல்ஃபா மருந்து அலர்ஜி இருப்பதால் அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரிடமோ கேட்டு யாரும் அதைப் போடாதீர்கள். இன்னொன்றும் தயவுசெய்து கேளுங்கள்: குளிர் தாங்காமல் மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துக்கொண்டோ, பனி மூடிய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டோ தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

சமவெளிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, பானிபட், சிம்லா. ஜான்சிக்கு மேலே ஜனவரி மூடுபனி என்பதால் காலை பத்துக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வண்டியை எடுப்பதில்லை. எங்களுடையது பி.எஸ். 4, அதாவது இப்போதைய புகை விதிக்கு முந்தைய விதிப்படி வந்த டீசல் வண்டி. டெல்லியில் காற்று மாசுக் கட்டுப்பாடு மூன்றாம் கட்டத்தைத் தொட்டால் அதற்கு அனுமதி இல்லை, அப்படியானால் ஆல்வார், ரேவாரி, ரோத்தக் வழியாகச் சுற்றிக்கொள்வோம்.

அம்மா புளிக்காய்ச்சலும் எள்ளுருண்டையும் சுக்கு காபிப் பொடியும் செய்து வைத்திருக்கிறார். காஜா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது, அதனால் சின்ன குக்கர் ஒன்றும் வருகிறது. கொத்தவால் சாவடி பக்கம் நாலு கோணிப்பை வாங்கினேன், சக்கரம் வழுக்கினால் அடியில் போட. அது நம் கடற்கரை மணலுக்கும் உதவும்.

இப்போது மிச்சம் இருப்பது சங்கிலி. பனியில் டயருக்கு மாட்டும் சங்கிலி, டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணுக்குச் சரியாக வாங்க வேண்டும், முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்பக்கம்தான் மாட்ட வேண்டும், கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், வெறும் தார் ரோடு வந்ததும் கழற்ற வேண்டும். எங்கள் தெருவில், வேர்க்க வேர்க்க, முதல் நாள் இரண்டு சக்கரத்துக்கும் 34 நிமிடம் ஆனது. தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள், ஒரு சின்னப் பெண் கொக்கியை எனக்கு முன்பே கண்டுபிடித்துக் கொடுத்தாள். நேற்று 11 நிமிடத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் அது வெறுங்கையோடு. தடிக் கையுறையில் அந்தக் கொக்கி பிடிபடுவதே இல்லை, மெல்லிய கையுறையை உள்ளே போட்டு, மாட்டும் நேரத்துக்கு மட்டும் மேல் கையுறையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று மச்சான் சொல்கிறார். நாளை ராத்திரி தெருவிளக்கு இல்லாத பக்கமாக வண்டியை நிறுத்தி, நெற்றி விளக்கோடு அப்படி ஒருமுறை செய்து பார்க்கிறோம்.